கடைசியாகத் தொட்ட கையைத் தாண்டி: விமான, ரயில் விபத்து விசாரணை எப்படி நடக்கிறது

1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் 17,300 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. விமானி அறையின் இடப்பக்க முன்கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு வெளியே போனது. கேப்டனின் இடுப்புக்கு மேற்பட்ட உடல் அந்த ஓட்டை வழியே வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவர் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட 87 பேரும் பிழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடி 27 மணி நேரத்துக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84, இருக்கவேண்டிய விட்டத்தைவிட 0.026 அங்குலம் சிறியவை. அதாவது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். மீதி ஆறும் விட்டத்தில் சரி, நீளத்தில் 0.1 அங்குலம் குறைவு. போட்டவர் யார் என்பது பதிவேட்டிலேயே இருந்தது: இரவு ஷிஃப்ட்டின் பராமரிப்பு மேலாளர். 'யார்' என்ற கேள்விக்கு அதிலேயே விடை இருந்தது. ஆனால் பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு இறுதி அறிக்கையை 1992 பிப்ரவரியில்தான் வெளியிட்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் போனது, அனுபவமுள்ள ஒரு மனிதருக்கு அந்த போல்ட் ஏன் சரியானதாகப் பட்டது என்று கண்டுபிடிக்கத்தான்.

அன்றிரவு ஆள் குறைவு. அதனால் மேலாளரே வேலையில் இறங்கினார். நேரம் விடியலுக்கு முந்தைய மணிகள், உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும் வேளை. பழைய கண்ணாடியிலிருந்து அவர் கழற்றிய போல்ட்டுகள் 7டி வகை. உண்மையில் அவையே தவறானவை, போடவேண்டியது 8டி. ஆனாலும் அந்த 7டி போல்ட்டுகள் நான்கு வருடம் தாங்கியிருந்தன. ஸ்டோர் பொறுப்பாளர் 8டிதான் சரி என்று சொல்லியும், 'கழற்றியது எதுவோ அதையே போடுவோம்' என்று மேலாளர் முடிவெடுத்தார். அந்த ஸ்டோரில் 7டி போதவில்லை. வண்டி எடுத்துக்கொண்டு விமான நிலையத்தின் இன்னொரு மூலையில் இருந்த, ஆளில்லாத ஸ்டோருக்குப் போனார். மங்கிய வெளிச்சம். கையிலிருந்த பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்து, தொட்டும் பார்த்தும் ஒப்பிட்டு எடுத்தார். கையில் வந்தது 8சி, விட்டம் சிறிய வகை. கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலைக்கு மூக்குக்கண்ணாடி போடவேண்டியவர், அன்று போட்டிருக்கவில்லை.

முறுக்கும்போதாவது தெரிந்திருக்க வேண்டாமா? முறுக்குவிசை ஓர் அளவை எட்டியதும் 'கிளிக்' என்று நழுவும் திருப்புளியைத்தான் பயன்படுத்தினார். சிறிய போல்ட்டின் புரி பிடிக்காமல் வழுக்கினாலும் கைக்கு ஏறக்குறைய அதே உணர்வுதான் கிடைக்கும். போல்ட்டின் தலை குழிக்குள் கூடுதலாக அமிழ்ந்திருந்தது; அவர் நின்ற மேடையிலிருந்து எட்டிக் கைநீட்டி வேலை செய்ததால், அவர் கையே அதை மறைத்தது. இந்த வேலையை இன்னொருவர் வந்து சரிபார்க்கவேண்டும் என்றோ, முடிந்ததும் அறைக்குள் காற்றழுத்தம் ஏற்றிச் சோதிக்கவேண்டும் என்றோ விதி இல்லை. முன்கண்ணாடி 'உயிர்நாடியான இடங்கள்' பட்டியலிலேயே சேர்க்கப்பட்டிருக்கவில்லை. கண்ணாடி வெளியிலிருந்து பொருத்தும் வகை என்பதால் உள்ளே ஏறும் காற்றழுத்தம் முழுவதும் அந்த போல்ட்டுகளின் மேல்தான் விழும்.

மேலாளரை வேலையை விட்டு அனுப்பியிருந்தால் மங்கலான ஸ்டோர், இரட்டைச் சரிபார்ப்பு இல்லாத விதி, எட்டாத மேடை எல்லாம் அப்படியேதான் இருந்திருக்கும். விசாரணை என்ற தொழிலின் சாரம் இதுதான். கடைசியாகத் தொட்ட கையில் ஆரம்பிக்கிறார்கள். அங்கிருந்து பின்னோக்கி நடக்கிறார்கள்.

இந்த அணுகுமுறைக்கு எழுத்தில் ஒரு சட்டகம் உண்டு. சர்வதேசக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் உடன்படிக்கையில் 13-வது இணைப்பு விபத்து விசாரணை பற்றியது. முதலில் ஏற்கப்பட்டது 1951-ல். விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பது, பழி சுமத்துவதோ பொறுப்பை நிர்ணயிப்பதோ இந்த வேலையில் சேராது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. விபத்து எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாடுதான் விசாரணையை நடத்தும். விமானம் பதிவான நாடு, இயக்கும் நிறுவனத்தின் நாடு, வடிவமைத்த நாடு, தயாரித்த நாடு ஆகியவை தங்கள் பிரதிநிதிகளை அனுப்பலாம். தயாரித்தவரையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என்ன விசாரணை என்று சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் ஒரு வால்வின் வரைபடமும், பதிவுக் கருவியின் எண்கள் எதைக் குறிக்கின்றன என்ற விளக்கமும் அவர்களிடம்தான் இருக்கும். அதனால் அறைக்குள் விடுகிறார்கள். அறிக்கையை எழுத விடுவதில்லை. முதற்கட்ட அறிக்கை 30 நாட்களுக்குள், இறுதி அறிக்கை இயன்றால் 12 மாதங்களுக்குள். முடியாவிட்டால் ஒவ்வோர் ஆண்டு நிறைவின்போதும் எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லவேண்டும்.

போலீஸ் விசாரணை தனியாக நடக்கும். அது நடப்பதில் தவறில்லை. இரண்டும் கலப்பதில்தான் சிக்கல். 'மங்கிய வெளிச்சத்தில் கையால் தடவிப் பார்த்து எடுத்தேன்' என்ற விவரம் ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் கிடைக்கும். சொன்னது நீதிமன்றத்தில் தன்மீதே திரும்பும் என்று தெரிந்தால் யாரும் சொல்லமாட்டார்கள்.

ரயிலுக்கு இப்படி உலகம் முழுவதற்குமான ஒற்றை ஆவணம் கிடையாது. நாட்டுக்கு நாடு ஏற்பாடு மாறும். பிரிட்டனில் ரயில்வே ஆய்வாளர்கள் 1840 முதல் இருக்கிறார்கள். தனித்து இயங்கும் ரயில் விபத்து விசாரணைப் பிரிவு 2005-ல்தான் வேலையைத் தொடங்கியது. இந்தியாவில் ரயில் பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ரயிலை ஓட்டுகிறவரே ரயில் விபத்தை விசாரிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

விமான விபத்து நடந்த இடத்துக்குப் போகும் குழு முதலில் பார்ப்பது தன் பாதுகாப்பைத்தான். எரிந்த கார்பன் இழைத் தூள் நுரையீரலில் இறங்கும். வெடிக்காத ஆக்ஸிஜன் சிலிண்டர்கள், காற்றழுத்தம் குறையாத டயர்கள், ரத்தத்தால் பரவும் நோய்க்கிருமிகள் எல்லாம் சிதறலுக்குள் இருக்கும். அடுத்தது 'நான்கு மூலை' கணக்கு: மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள். நான்கும் ஒரே சிதறலுக்குள் கிடந்தால் விமானம் முழுசாகத் தரையை அடைந்திருக்கிறது. வால் மட்டும் சில கிலோமீட்டர் முன்னாடியே கிடந்தால் வானத்திலேயே உடைந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எடுக்கும் இந்த முடிவு அடுத்த ஆறு மாத வேலையின் திசையை மாற்றிவிடும்.

எது சீக்கிரம் அழியுமோ அதை முதலில் பதிவு செய்யவேண்டும். தரையில் விழுந்த கீறல்கள் மழையில் போய்விடும். இறக்கைமேல் படிந்த பனி உருகிவிடும். மீட்புப் பணியாளர்கள் கால் பட்டு சுவிட்சு நகர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு சுவிட்சும் நெம்புகோலும் இருந்த நிலையிலேயே படம் எடுக்கப்படும். எச்சரிக்கை விளக்கு பல்புகளைக்கூட விடமாட்டார்கள். மோதும் நொடியில் எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூட்டில் இளகியிருப்பதால் நீண்டு தொய்ந்துவிடும். அணைந்திருந்த பல்பின் இழை இழுபடாமல் சடக்கென்று ஒடியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது என்று தெரியும். இன்று விளக்கெல்லாம் எல்இடி ஆகிவிட்டதால் இந்த உத்தி மெல்லக் கைவிட்டுப் போகிறது. இன்ஜின் சுழன்றுகொண்டிருந்ததா என்பதை விசிறித் தகடுகள் சொல்லும்: சுழற்சிக்கு எதிர்த்திசையில் எல்லாத் தகடுகளும் வளைந்திருந்தால் அது ஓடிக்கொண்டிருந்தது.

உடைந்த உலோகத்தைக் கையாள்வதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. உடைந்த இரண்டு முகங்களையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கக்கூடாது. பொருந்துகிறதா என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஒரு உரசலில் நுண்ணோக்கியில் படிக்கவேண்டிய தடயம் அழிந்துவிடும். ஒரே அடியில் உடைந்த உலோகத்தின் முகம் சொரசொரப்பாக இருக்கும். நாள்பட்ட சோர்வில் விரிசல் வளர்ந்து உடைந்திருந்தால், அலை வந்து போன கடற்கரை மணலில் தெரிவதுபோல வளைவு வளைவான கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகள் எந்தப் புள்ளியிலிருந்து விரிகின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது.

1985 ஆகஸ்ட் 12-ல் 520 பேர் இறந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விபத்தில் இப்படித் தேடிப் போனது 1978-ல் செய்த ஒரு பழுதுபார்ப்பில் முடிந்தது. வால் தரையில் தட்டியதால், பயணிகள் அறையின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்பக்கச் சுவரைச் சரிசெய்திருந்தார்கள். வரைபடப்படி இணைப்புத் தகடு ஒரே துண்டாக இருந்திருக்கவேண்டும். அதை இரண்டாக வெட்டிப் பொருத்திவிட்டதால், இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்கவேண்டிய சுமையை ஒரே வரிசை தாங்கியது. பூச்சு பூசி மூடியபின் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு பறத்தலிலும் அழுத்தம் ஏறி இறங்க, ரிவெட் ஓட்டைகளிலிருந்து விரிசல் வளர்ந்து ஏழு வருடம் கழித்துச் சுவர் கிழிந்தது. ஜெர்மனியின் எஷடே ரயில் விபத்தும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 1998 ஜூன் 3, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம், 101 பேர் பலி. ரப்பர் அடுக்குக்கு மேல் எஃகு வளையம் பூட்டிய சக்கரம் அது. விரிசல் வளையத்தின் உள்முகத்தில் பிறந்தது. ஊழியர்கள் கண்ணால் பார்க்க முடிந்தது வெளிமுகத்தை மட்டும்தான்.

கறுப்புப் பெட்டியின் நிறம் ஆரஞ்சு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் முக்கியமானது கையடக்கமான நினைவகப் பகுதி. புவியீர்ப்பைப்போல் 3,400 மடங்கு அதிர்ச்சியையும், 1,100 டிகிரி செல்சியஸ் நெருப்பில் 60 நிமிடத்தையும், 6,000 மீட்டர் ஆழத்து நீரழுத்தத்தையும் தாங்கும்படி சோதிக்கப்படுவது. நீரில் மூழ்கினால் 37.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலியெழுப்பும் கருவி உண்டு. முன்பு 30 நாள், இப்போது 90 நாள் ஒலிக்கும். கடலிலிருந்து எடுத்த பெட்டியைத் துடைத்துக் காயவைத்துக் கொண்டுவருவார்கள் என்று நினைக்கலாம். நேர் எதிராக, நல்ல தண்ணீர் நிரப்பிய தொட்டியில் மூழ்கவைத்தே ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். உப்புநீர் பட்டது காற்றில் உலர்ந்தால் அரிப்பு வேகமாகப் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் உப்பைக் கழுவி, வெற்றிட அடுப்பில் ஈரம் போக்கி, மின்தடை சரியாக இருக்கிறதா என்று அளந்த பிறகே மின்சாரம் கொடுப்பார்கள். அவசரப்பட்டு மின்சாரம் கொடுத்தால் உள்ளதும் போகும்.

2009 ஜூன் 1-ல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ன் பெட்டிகள் கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆயிற்று. சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் முதலில் கிடைத்த தரவுப்பதிவுக் கருவியில் நினைவகப் பகுதியைக் காணவில்லை, வெறும் சட்டம்தான். நினைவகம் சில நாள் கழித்து, 2011 மே 1-ல் மணலில் கிடந்து கிடைத்தது. 228 பேர் இறந்த அந்த விபத்தில், வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்ததால் வேகக் காட்டிகள் சிறிது நேரம் முரண்பட்டன, தானியங்கிக் கட்டுப்பாடு விலகியது என்பது விமானம் தானாக அனுப்பிய செய்திகளிலிருந்தே ஊகிக்கப்பட்டிருந்தது. அதன்பின் விமானி ஏன் மூக்கைத் தொடர்ந்து உயர்த்தினார் என்பதற்குப் பெட்டிதான் விடை தந்தது.

அந்த விடையில் ஒரு நுணுக்கம். இறக்கை தூக்கும் விசையை இழக்கும்போது ஒலிக்கும் எச்சரிக்கை, அளக்கப்படும் வேகம் 60 நாட், அதாவது மணிக்குச் சுமார் 111 கிலோமீட்டருக்குக் கீழே போனால் நின்றுவிடும். அவ்வளவு குறைந்த வேகத்தில், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தின் அளவீட்டை நம்பமுடியாது என்று கணினி ஒதுக்கிவிடுகிறது. விமானி மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் வேகம் கூடி, அளவீடு மறுபடி செல்லுபடியாகி, எச்சரிக்கை திரும்ப அலறத் தொடங்கும். சரியானதைச் செய்யும்போது அலறுகிறது, தவறானதைச் செய்யும்போது மௌனமாகிறது. இருட்டில், சில நிமிடங்களுக்குள் கடலைத் தொடப்போகும் விமானத்தில் அந்த ஒலி என்ன சொல்லிக்கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'விமானி தவறு' என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தால் இது வெளியே வந்திருக்காது.

ரயில் விசாரணையின் பெரிய எதிரி கடிகாரம். விமானம் விழுந்த வயலை வாரக்கணக்கில் வேலி போட்டு வைக்கலாம். ரயில் பாதையைத் திறந்தாக வேண்டும். பின்னால் ரயில்கள் நிற்கின்றன. கிரேன் வந்து பெட்டிகளைத் தூக்கி, ஜேசிபி ஜல்லியைக் கிளறி, புதுத் தண்டவாளம் போட்டுவிட்டால் பாதி சாட்சியம் போய்விட்டது. அதனால் முதல் சில மணி நேரத்தில் எதை அளக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தடம் புரண்ட ரயிலில் கவிழ்ந்து கிடக்கும் பெட்டிகளின் பக்கம் கூட்டம் இருக்கும். விசாரிப்பவர் எதிர்த்திசையில், ரயில் வந்த வழியே நடப்பார். முதல் சக்கரம் தண்டவாளத்தை விட்ட புள்ளியைத் தேடுகிறார். சக்கரத்தின் விளிம்பு ஏறியிருந்தால் தண்டவாளத்தின் தலைமேல் குறுக்காக ஒரு மெல்லிய கோடு சில மீட்டர் ஓடியிருக்கும்; அது முடிந்த இடத்துக்குப் பிறகு, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான ஸ்லீப்பர்களில் வெட்டுகள் ஆரம்பிக்கும். கோடே இல்லாமல் சக்கரம் உள்ளே விழுந்திருந்தால் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் கூடியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து பின்னோக்கிக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அகலமும் இரு தண்டவாளங்களின் உயர வித்தியாசமும் அளக்கப்படும். வெறும் பாதையில் அளந்தால் மட்டும் போதாது. சுமை ஏறும்போது அமுங்கும் ஸ்லீப்பர் சுமையில்லாதபோது நல்ல பிள்ளையாக நிற்கும்.

தண்டவாளம் உடைந்து கிடந்தால், உடைந்ததால் ரயில் தடம் புரண்டதா, தடம் புரண்டதால் உடைந்ததா? உடைந்த இடைவெளியைத் தாண்டி ரயில் ஏறும் பக்கத்து முனையைப் பார்த்தால் தெரியும். முன்னாடியே உடைந்திருந்தால் ஒவ்வொரு சக்கரமும் அந்த முனையில் மோதி அதைச் சுத்தியலால் அடித்ததுபோல் நசுக்கியிருக்கும். சக்கரங்களிலும் அதற்கு ஜோடியான பள்ளங்கள் இருக்கும். பிரிட்டனின் ஹாட்ஃபீல்டில் 2000 அக்டோபர் 17-ல் நான்கு பேர் இறந்த விபத்தில் தண்டவாளம் முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. சக்கரம் உருண்டு உருண்டு தண்டவாளத்தின் மூலையில் உண்டாக்கும் நுண்விரிசல்கள் காரணம்.

சிக்னல் தவறு என்ற சந்தேகம் இருந்தால், சிக்னலை இயக்கும் மின் சுவிட்சுகளான ரிலேக்கள் இருக்கும் அறைக்கு உடனே சீல் வைக்கவேண்டும். இந்த வகை விபத்துகளை விசாரிப்பவர்கள் இன்றும் எடுத்துப் படிப்பது லண்டனின் கிளாப்பம் ஜங்ஷன் அறிக்கையை.

1988 டிசம்பர் 12 காலை அலுவலக நேரம். தான் கடக்கும்போதே சிக்னல் சிவப்பாக மாறியதைக் கண்ட ஓட்டுநர், விதிப்படி அடுத்த சிக்னலில் ரயிலை நிறுத்தித் தொலைபேசியில் தகவல் சொல்ல இறங்கினார். அவர் ரயில் நின்ற பாதைக்கு, பின்னால் இருந்த சிக்னல் சிவப்பு காட்டவில்லை. அடுத்த ரயில் வந்து மோதியது. 35 பேர் இறந்தார்கள்.

ரிலே அறையில் இரண்டு வாரம் முன்பு, நவம்பர் 27 ஞாயிறன்று, புது வயரிங் போட்டிருந்தார்கள். பழைய வயரின் ஒரு முனையை ரிலேயிலிருந்து கழற்றியாயிற்று. மறுமுனை ஃபியூஸில் அப்படியே இருந்தது, மின்சாரத்தோடு. கழற்றிய முனையை எட்டாத அளவுக்குக் குட்டையாக வெட்டி, புது டேப் சுற்றி, கட்டி ஒதுக்கியிருக்கவேண்டும். வெறுமனே ஒதுக்கித் தள்ளப்பட்டிருந்தது. இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. டிசம்பர் 11 ஞாயிறன்று பக்கத்து ரிலேயை மாற்றியபோது அந்த வயர் அசைந்து, பழைய இடத்திலேயே போய்த் தொட்டது. பாதையில் ரயில் நின்றாலும் 'பாதை காலி' என்று ரிலேக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தது.

கை யாருடையது என்பது இங்கேயும் உடனே தெரிந்தது. விசாரணைத் தலைவர் ஆன்டனி ஹிடன் அதோடு விடவில்லை. அந்தத் தொழில்நுட்பப் பணியாளர் 13 வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார். வயரை வெட்டி ஒதுக்காத பழக்கம் அவருக்குப் பல ஆண்டுகளாகவே இருந்தது; யாரும் பார்த்துத் திருத்தியதில்லை. மேற்பார்வையாளர் தானே வேறு வேலையில் இறங்கியிருந்ததால் உள்ளே வந்து பார்க்கவில்லை. சோதித்தவர் வயர்களை எண்ணவில்லை. எண்ணுவது என்றால் நிஜமாகவே எண்ணுவதுதான்: வரைபடத்தில் அந்த முனைக்கு ஒரு வயர் என்றிருந்தால், முனையில் ஒன்று இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா? ஃபியூஸ் முனையில் ஒன்று அதிகம் இருந்தது. ஹிடன் அறிக்கையின் 93 பரிந்துரைகளில் தனி ஆள் வைத்து வயர் எண்ணுதல், சோதிப்பவருக்குச் சான்றிதழ், வேலை நேரத்துக்கு உச்சவரம்பு எல்லாம் அடங்கும். 12 மணி நேரத்துக்கு மேல் ஷிஃப்ட் கூடாது, 14 நாளில் 13-க்கு மேல் வேலை நாள் கூடாது என்ற வரம்புகளை பிரிட்டிஷ் ரயில்வேயில் இன்றும் 'ஹிடன்' பெயரிலேயே சொல்கிறார்கள்.

இதே கதையின் இன்னொரு வடிவம் ஒடிசாவின் பஹானாகா பஜாரில் 2023 ஜூன் 2-ல் நடந்தது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் நேராகப் போகப் பச்சை காட்டியது. ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட்டோ பக்கத்துக் கிளைப் பாதையான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. லூப்பில் இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றது. நிலையத்தின் வடக்குப் பக்க சிக்னல் கேபினில் முன்பு செய்த சர்க்யூட் மாற்றத்திலும், லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலையிலும் நடந்த குறைகளே காரணம் என்றது ரயில் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை. அதில் அதிகம் உறுத்துவது வேறொரு வரி. 2022 மே 16-ல் அதே காரக்பூர் கோட்டத்தில், வயரிங் தவறால் இதே மாதிரியான ஒரு சம்பவம் நடந்திருந்தது. அப்போதே சரிசெய்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்கிறது அறிக்கை.

இப்படி ஒத்திகை பார்த்துவிட்டு வரும் விபத்துகள் ஏராளம். லண்டன் லாட்புரோக் குரோவில் 1999 அக்டோபர் 5-ல் 31 பேர் இறந்தபோது, ஓட்டுநர் சிவப்பில் தாண்டிய எஸ்என் 109 சிக்னல் அதற்கு முன்பே ஆறு ஆண்டுகளில் எட்டு முறை சிவப்பில் தாண்டப்பட்டிருந்தது. எட்டு ஓட்டுநர்களும் கவனக்குறைவானவர்களா, அல்லது அந்த சிக்னல் பார்க்கமுடியாத இடத்தில் இருக்கிறதா? எட்டாவது முறைக்கு முன் யாராவது இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டிருக்கலாம். ஜப்பானின் அமகசாகியில் 2005 ஏப்ரல் 25-ல் 70 கிலோமீட்டர் வரம்புள்ள வளைவில் ரயில் 116-ல் நுழைந்து 107 பேர் இறந்தார்கள். ரயில் சுமார் ஒன்றரை நிமிடம் தாமதம். தாமதித்த ஓட்டுநர்களை 'மறுபயிற்சி' என்ற பெயரில் அவமானப்படுத்தும் வழக்கம் நிறுவனத்தில் இருந்தது. அவர் கைகளை அவசரப்படுத்தியது அந்தப் பயம்.

பழி தேடும் அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஊபர்லிங்கன் இருக்கிறது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். கட்டுப்பாட்டாளர் ஒரு விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார். அதே நேரத்தில் அதே விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி மேலே ஏறச் சொன்னது. விமானிகள் மனிதர் சொன்னதைக் கேட்டு இறங்கினார்கள். மற்ற விமானம் தன் கருவி சொன்னதைக் கேட்டு இறங்கியது. கட்டுப்பாட்டாளர் அன்றிரவு தனியாக இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடாரின் மோதல் எச்சரிக்கை பராமரிப்புக்காக முழுமையாக இயங்கவில்லை; முக்கியத் தொலைபேசி இணைப்பும் இல்லை. இதெல்லாம் இறுதி அறிக்கையாக 2004 மே மாதம் வெளிவந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பே, குடும்பத்தை இழந்த ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டாளரை அவர் வீட்டு வாசலிலேயே கொன்றுவிட்டார்.

ஊபர்லிங்கனுக்கும் ஒத்திகை இருந்தது. 2001 ஜனவரி 31-ல் ஜப்பானில் இரண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்கள், ஒன்று கட்டுப்பாட்டாளர் சொன்னதையும் மற்றது கருவி சொன்னதையும் கேட்டு, இரண்டுமே இறங்கி நூலிழையில் தப்பின. கருவியின் கட்டளைக்கே முன்னுரிமை என்று தெளிவாக்கச் சொன்ன ஜப்பானிய அறிக்கை 2002 ஜூலையில் வெளியானது, ஊபர்லிங்கன் மோதலுக்குச் சில நாள் கழித்து. ஐகாவோ விதியைத் திருத்தியது 2003 நவம்பரில்.

விசாரணை அமைப்புகளுக்கு அதிகாரம் பரிந்துரையோடு முடிகிறது. விமானத் துறையில் பரிந்துரை பெற்ற நாடு 90 நாட்களுக்குள் பதில் சொல்லவேண்டும். 'ஏற்கவில்லை' என்பதும் பதில்தான். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஓட்டுநர் தவறினால் ரயிலைத் தானாக நிறுத்தும் அமைப்பு வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தது 1969-ல் கனெக்டிகட்டின் டேரியனில் நடந்த மோதலுக்குப் பிறகு. சட்டம் வந்தது 2008-ல், கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் 25 பேர் இறந்த பிறகு. 2015 மே 12-ல் ஃபிலடெல்ஃபியாவில் மணிக்கு 50 மைல் வளைவில் 106 மைலில் ரயில் போய் எட்டு பேர் இறந்தபோது, அந்த வளைவில் கருவி இன்னும் செயல்பாட்டுக்கு வரவில்லை. 2020 டிசம்பரில்தான் சட்டம் கேட்ட தடங்கள் முழுவதிலும் வேலை முடிந்தது.

நிறைவேறிய பரிந்துரைக்கும் ஆயுள் உண்டு. 2017 ஆகஸ்ட் 15-ல் லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து புறப்பட்ட பயணி ரயில், தவறான பக்கம் திரும்பியிருந்த பாயிண்ட்டில் ஏறி, வேலைக்காக நிறுத்திவைத்திருந்த ரயிலில் மோதியது. சிக்னல் மாற்றங்களைச் சோதிக்கும்போது வந்த ஒரு சிக்கலைத் தீர்க்க, வரைபடத்தில் இல்லாத வயர்களைச் சேர்த்திருந்தார்கள். அவை பாயிண்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பாதுகாப்பையே தாண்டிவிட்டன. கிளாப்பம் கற்றுத்தந்தது துறையின் நினைவிலிருந்து மங்கி வருகிறது என்று ரயில் விபத்து விசாரணைப் பிரிவு எழுதியது. அந்த ரயில் மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. யாரும் சாகவில்லை.